லாரி வராத ஞாயிறு

சனிக்கிழமை வரவேண்டிய மெட்ரோ வாட்டர் லாரி
ஞாயிறு காலை ஆறரைக்கும் வரவில்லை.
வியாசர்பாடியில் அந்த மே மாதம்
முகத்தைவிடக் குடத்தின் நிறத்தை வைத்துத்தான்
ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டோம்.

கோயில் பின்கட்டுத் தொட்டியில் அரை வாளி,
அதிலும் ஒரு பல்லி.
மேசைமேல் இருநூற்று நாற்பது சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள்.
போன மாதம் நான்தான் அவசரமாக அலசினேன்.
அடியில் சிவப்பு வளையம்,
வளையத்தைச் சுற்றி எறும்பு.

ஆளுக்கொரு கிண்ணம் வந்து எட்டு வருடமாகிறது.
கால்வாய்க்கரையிலிருந்து முப்பத்தாறு பேர்
திடப்படுத்தல் பெற்ற அதே வருடம்.
பொருளாளர் வேதமாணிக்கம் எழுந்து
சுகாதாரம் என்றார்.
அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்.
எனக்கும் அது சுகாதாரமாகத்தான் பட்டது.
கை தூக்கினேன்.
பெண் பார்க்கப் போகிற இடத்தில்
"சொந்த ஊர் எது?" என்று கேட்கிறோமே,
ஊரையா கேட்கிறோம்?

ஆயரம்மா எப்சிபா கிண்ணங்களைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் இரும்பு பீரோவைத் திறந்து
கறுத்துப்போன வெள்ளிப் பாத்திரத்தை எடுத்து
அங்கி நுனியால் தேய்த்தார்.
"ஒண்ணு போதும்" என்றார்.

கிராதி ஓரம் முழந்தாளிட்டோம்.
முதலில் ஆபகூக்கு.
பாதாளச் சாக்கடை ஒப்பந்த வேலை,
இரவு ஷிஃப்ட் முடித்து, குளிக்கத் தண்ணீரில்லாமல்,
தலைக்குத் தேங்காயெண்ணெய் மட்டும் வைத்து வந்திருந்தான்.
அடுத்து இரண்டு கல்லூரிப் பையன்கள்,
பிறகு ஒரு நர்ஸ்,
பிறகு பொருளாளர்,
பிறகு நான்.

ஒருவர் குடித்ததும்
ஆயரம்மா விளிம்பைத் துணியால் துடைத்து
பாத்திரத்தைக் கால் சுற்று திருப்புவார்.
கால், அரை, முக்கால்.
ஐந்தாவது ஆளுக்கு
முதல் ஆள் வாய்வைத்த இடம் வரும்.

பொருளாளருக்குக் கணக்கு வரும்.
முழங்கால் வலி என்பதுபோல் முனகி எழுந்து
கடைசிக்குப் போய் முழந்தாளிட்டார்.
அவர் விரல்கள் எண்ணியதை
நான் எப்படிக் கண்டேன்?
நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது இப்போது நான்.
எழலாமா என்று நினைத்ததை
இங்கே எழுதிவைக்கிறேன்.
எழவில்லை. அது விசுவாசமில்லை,
பாத்திரம் உதட்டுக்கு வந்துவிட்டது.

தேங்காயெண்ணெய் வாசம்.
வெள்ளியின் சில்லிப்பு.
இனிப்பு, தொண்டைக்குள் ஒரு எரிச்சல்.
அவ்வளவுதான்.
கண்ணைத் திறந்தபோது
ஆபகூக்கு இன்னும் எழுந்திருக்கவில்லை,
கிராதியில் தலை சாய்ந்திருந்தது.
ஜெபமென்று நினைத்தேன்.
தூங்கியிருந்தான்.
ஆயரம்மா அவனை எழுப்பவில்லை,
தூங்குகிற தோளைச் சுற்றிக்கொண்டு
அடுத்த வரிசை வந்து மண்டியிட்டது.

மதியம் பன்னிரண்டுக்கு லாரி வந்தது.
சண்டை, கூச்சல், குழாய் விலகி
எல்லார் சேலையும் நனைந்தது.
குழாயைப் பிடித்திருந்தவன் அவன்தான்.
என்னைப் பார்த்துக் கத்தினான்:
"எக்கா, உன்து எந்தக் குடம்?"
பச்சை என்றேன்.
வாழ்க்கையில் முதல்முறையாக
என்னிடம் யாரோ கேட்ட ஒரு கேள்விக்கு
அந்தக் கேள்வி மட்டுமே அர்த்தமாக இருந்தது.

வியாழக்கிழமை கமிட்டி.
பொருள் மூன்று:
பின்கட்டுக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி வாங்குதல்,
இனி கிண்ணங்கள் கழுவத் தடையில்லாதபடி.
வேதமாணிக்கம் முன்மொழிகிறார்.
எல்லாரும் கை தூக்குவார்கள்.
தண்ணீர் வேண்டாமென்று
இந்த ஊரில் எவர் சொல்ல முடியும்?

துடைத்த துணி என் வீட்டில் இருக்கிறது.
துவைத்துத் தருவது என் முறை.
ஜன்னலோரம் விரித்துப் பார்த்தேன்.
மங்கிய சிவப்பில் எத்தனையோ தடம்,
ஒன்றின்மேல் ஒன்று.
அவனுடையது எது, என்னுடையது எது?
இரண்டு குடம் தண்ணீர் இருக்கிறது.
இன்னும் துவைக்கவில்லை.